மக்கல்லம் என்ற பெயர் வந்த வழி

மாமா,

இன்று காலை பஸ்ஸில் நனைந்த கம்பளி மணம் வந்தது. நோர்பரியில் ஏறிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். கழுத்தில் பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட ஸ்கார்ஃப். மழை அவரை நன்றாக நனைத்திருந்தது. அந்த மணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்கார்ஃபை ஹீற்றரில் காயப்போட்டு வீடு முழுக்க அதைப் பரப்பி வைத்தவர் நீங்கள்தானே. நான் ஜன்னலைத் திறப்பேன், நீங்கள் குளிருகிறது என்று மூடுவீர்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்து, வேலைக்குப் பிந்தினேன்.

நீங்கள் செத்து மூன்றாவது வருடம் நடக்கிறது. உங்களோடு எனக்கு இன்னும் சண்டை முடியவில்லை. போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்ல நல்ல வார்த்தையாகப் பொறுக்கி எழுதுவார்கள். அது எனக்கு வராது என்பது என்னை மருமகளாக எடுத்த முதல் மாதமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஸ்கார்ஃபை குரொய்டன் சந்தையில் வாங்கிக்கொண்டு நீங்கள் வந்து நின்ற கோலம் கண்ணுக்குள் நிற்கிறது. மணமகன் சால்வை போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிள்ளை, ஸ்கொட்லாந்தில ஒவ்வொரு வம்சப் பேருக்கும் ஒரு கட்டம். இதுதான் எங்கட ஆக்களின்ரை கட்டம். கடைக்காரரே மக்கல்லம் எண்ட பேரைக் கேட்டிட்டு எடுத்துத் தந்தவர்" என்றீர்கள்.

"மாமா, நீங்கள் மக்கென்சி எண்டு சொல்லியிருந்தாலும் அவர் இதைத்தான் எடுத்துத் தந்திருப்பார்" என்றேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. கோபிப்பதற்கு உங்களுக்கு நேரம் இருந்தால்தானே. அந்த நாட்களில் ஓட்ஸ் கஞ்சிக்குச் சீனி போடுவதையும் விட்டிருந்தீர்கள். உப்புத்தான். "எங்கட ஆக்கள் உப்புப் போட்டுத்தான் குடிக்கிறவை" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பீர்கள். நிறமோ எண்ணெய் பூசிய பனங்கொட்டை. அதற்குள் தேன் நிறத்தில் இரண்டு கண்கள். அந்தக் கண்களை வைத்துத்தான் உங்கள் பரம்பரை முழுவதும் ஒரு ஸ்கொட்லாந்துக்காரனைக் கட்டி எழுப்பியிருந்தது. உங்கள் கதையில் அவன் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு கட்ட வந்த எஞ்சினியர். உங்கள் அக்காவின் கதையில் கப்பல் உடைந்து கரையொதுங்கிய கப்டன். உங்கள் மகன், இவருக்குச் சின்ன வயதில் யாரோ சொன்னது, அம்மைக்கு ஊசி போட வந்த டொக்டர். ஆளுக்கொரு வெள்ளைக்காரனை வைத்திருந்தீர்கள். திருநீறு பூசுகிற சைவ வீட்டிலிருந்து வேதக்காரர், கிறிஸ்தவர் வீட்டுக்கு வந்த எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்து நானும் ஒரு மக்கல்லம் ஆகிவிட்டேன் என்பது அதைவிடப் பகிடி.

பகிடி எல்லாம் நீங்கள் இந்த நாட்டில் இருக்க ஏலாது என்ற கடிதம் வரும்வரைக்கும்தான்.

எண்பத்தேழில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தீர்கள். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஷெல் விழத் தொடங்கியதும், ஸ்டேசன் மாஸ்டர் வேலையை விட்டு ஓய்வெடுத்துக்கொண்டு, மாமியும் போன வீட்டில் தனியே இருக்க ஏலாமல் மகனிடம் வந்தீர்கள். தஞ்சம் கேட்டோம். இல்லை என்றார்கள். உங்களுக்கென்று தனிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லையாம். மகனோடு இருக்க விடுங்கள் என்று கேட்டோம். அதற்கும் இல்லை. உங்களைப் பார்க்க அங்கே மகள் இருக்கிறாவாம். அந்த மகளே இரண்டு பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்த காலம் அது. அதற்குப் பிறகு கதவில் கடிதம் விழுகிற சத்தம் கேட்டால், நீங்கள் படியில் இறங்கி வருவதற்குள் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். இவர் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றமுதல் "ஏதும் வந்ததோ?" என்பார். வீட்டில் மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் மிச்சம் என்ற ஊரில் ஒரு சொலிசிற்றரிடம் வேலை செய்த சிவநேசன் உங்கள் ஃபைலைத் திறந்து, பெயரைப் பார்த்து, பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, மக்கல்லம் எண்ட பேர் உங்களுக்கு எங்கால வந்தது?"

இதற்காகவே காத்திருந்தவர் போல நீங்கள் வெளிச்சவீட்டை ஏற்றி வைத்தீர்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "உங்கட அப்பப்பா இந்த நாட்டில பிறந்தவர் எண்டு காட்ட ஏலுமெண்டால், கேஸே வேற. உங்களுக்கு இன்னும் அறுபது ஆகேல்லை. பேரன் எண்ட உரிமையில வேலை செய்ய வாறன் எண்டு கேட்கலாம். ஒருத்தரும் உங்களை அசைக்க ஏலாது" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் கை முழங்காலில் தாளம் போட்டது. நானும் பகிடியை விட்டேன். அதுவரைக்கும் நான் சிரித்த வெள்ளைக்காரனை அந்த நிமிடத்திலிருந்து நானே தேடத் தொடங்கினேன். தண்ணீரில் தாழ்கிறவனுக்குத் துரும்பும் துணை என்பார்கள். எங்களுக்குக் கிடைத்த துரும்புக்கு ஒரு பெயர் மட்டும்தான் இருந்தது.

எவ்வளவு அலைந்தோம். நான் லீவு போட்ட நாட்களில் பழைய பிறப்புப் பதிவுகள் வைத்திருக்கும் இடத்துக்குப் போய், தலையணை மாதிரித் தடித்த புத்தகங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். அங்கே இருந்த பெண், ஸ்கொட்லாந்துக் கணக்கு ஸ்கொட்லாந்தில் என்று சொன்னா. அங்கே எழுதினோம். வெளிச்சவீடு கட்டப் போன மக்கல்லம் ஒருவரும் இல்லை, ஆனால் மற்ற மக்கல்லங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்று பதில் வந்தது. அங்கே அது எங்கள் ஊரின் கந்தையா மாதிரி. தெருவுக்கு ஒருவர். நீங்கள் விடவில்லை. ரெலிபோன் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தீர்கள். "குட் ஆஃப்டர்நூன், ஐ ஆம் ஆல்சோ எ மக்கல்லம்" என்று நீங்கள் தொடங்கியதும் பாதிப்பேர் வைத்துவிடுவார்கள். ஒரு கிழவி மட்டும் வெகுநேரம் பேசினா. தனக்கு ஒருவரும் இல்லை, நீங்கள் சொந்தமாக இருந்தால் நல்லாயிருக்கும் என்றாவாம். அதை எனக்கு இரண்டு தரம் சொன்னீர்கள்.

இதற்குள் எங்களுக்குத் தந்த தவணை முடியப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சிவநேசன் நான் வேலை செய்கிற இடத்துக்கு ரெலிபோன் எடுத்து, "அக்கா, திங்கட்கிழமை கடைசி. பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது. பதிவு இல்லாட்டில் ஆளைப் பிடியுங்கோ. உங்கட மாமான்ரை அப்பப்பாவை நேரில தெரிஞ்ச வெள்ளைக்காரர் ஆராவது உயிரோட இருந்து, அவர் ஸ்கொட்லாந்தில பிறந்தவர் எண்டு கையெழுத்து வைச்சால் அதையாவது குடுத்துப் பாப்பம்" என்றார்.

அப்படி ஒரு அம்மா இருக்கத்தான் செய்தா. தமிழ் ஆராதனைக்கு வரும் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் காலம் முழுவதும் படிப்பித்த மிஸியம்மா, ஹரோவில், வயதான மிஷனரிமார் இருக்கும் ஒரு வீட்டில் இருக்கிறா. ஸ்கொட்லாந்துக்காரி. எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கண் மங்கல், ஞாபகம் மட்டும் கத்தி. உங்கள் அப்பப்பா அந்த மிஷன் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்த கடைசிக் காலத்தில் இவ புதிதாக வந்து இறங்கியவ.

சிவநேசன் கடதாசியை ரைப் பண்ணியே தந்துவிட்டார். "நான் அவரை நேரில் அறிவேன், தான் ஸ்கொட்லாந்தில் பிறந்ததாக அவர் என்னிடம் சொன்னார்" என்று இருந்தது. தரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ கேட்டால் வாசிச்சுக் காட்டுங்கோ. கேட்காட்டில் பேனாவைக் குடுங்கோ" என்றார். அந்த ஆளில் எனக்கு இன்றைக்கும் மரியாதை. எங்களுக்காகத் தன் வேலையையே பணயம் வைத்தவர்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். விக்ரோறியாவுக்கு ரெயின், பிறகு அண்டகிரவுண்ட், பிறகு மெற்றோபொலிற்றன் லைன். நீங்கள் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தீர்கள். கடதாசி என் கைப்பையில். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவ்வளவு நம்பிக்கை அதில்.

மிஸியம்மா ஜன்னலோரம் கதிரையில் இருந்தா. குருவி மாதிரிச் சின்ன உருவம். உங்களைக் கிட்டக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தா. பிறகு ஒரு வெள்ளைக்காரியின் வாயிலிருந்து, என் அம்மாவின் காலத்துத் தமிழ் வந்தது.

"தம்பி, நீர் உபதேசியாரின்ரை பேரனோ? அதே கண். அந்த ஆச்சியின்ரை கண்."

"எந்த ஆச்சி, மிஸியம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

நான் அப்போதே பேனாவை எடுத்து நீட்டியிருக்க வேண்டும். ஆனால் அவ சொல்லத் தொடங்கிவிட்டா.

வந்த புதிதில் உபதேசியாரின் பெயரைக் கேட்டதும் அவவுக்குச் சந்தோசம் தாங்கவில்லையாம். கடல் தாண்டி வந்த இடத்தில் தன் ஊர்ப் பெயர். "நீங்களும் எங்கட பக்கமோ எண்டு கேட்டன். அவர் வயிறு குலுங்கச் சிரிச்சார்" என்றா. பிறகு அவரே சொன்னாராம். அந்தக் காலத்தில் மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால், அந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் சீமையில் யாராவது ஒருவர் பொறுப்பெடுப்பார். பொறுப்பெடுத்தவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். உங்கள் அப்பப்பாவைப் பொறுப்பெடுத்தவ ஒரு ஸ்கொட்லாந்து விதவை. ஒரே மகன் காய்ச்சலில் செத்துப்போக, அவன் பெயரை இங்கே ஒரு பிள்ளைக்கு வைக்கச் சொல்லிக் கேட்டாவாம். முழுப் பெயரும். அப்படித்தான் ஒரு காலை, ஞானஸ்நானத் தண்ணீரோடு, உங்கள் அப்பப்பா மக்கல்லம் ஆனார்.

"அதுக்கு முதல் அவருக்கு என்ன பேர்?" இதைக் கேட்டது நான். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"கதிர்காமு" என்றா மிஸியம்மா. "நேர்த்தி வைச்சுப் பெத்த பிள்ளையாம். தாய்க்கு இருந்த ஒரே பிள்ளை. ஒரு பஞ்ச வருசம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் விடுதியில கொண்டுவந்து விட்டிருக்கிறா. பஞ்சம் முடியத் திருப்பிக் கேட்க வந்தால், பிள்ளைக்கு வேற பேர், வேற சாமி. பிள்ளையும் போகமாட்டன் எண்டிட்டுது."

மிஸியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னா. தான் வந்த வருடத்திலும் அந்தத் தாய் உயிரோடு இருந்தாவாம். கூனல் விழுந்து, பொல்லு ஊன்றி, நெற்றி நிறையத் திருநீற்றோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கேற்றடியில் வந்து நிற்பா. உள்ளே கால் வைக்கமாட்டா. ஆராதனை முடியும்வரைக்கும் வெயிலில் நின்று, சனம் வெளியே வரத் தொடங்கியதும் "கதிர்காமு, கதிர்காமு" என்று கூப்பிடுவா. சபையே உபதேசியார் என்று எழுந்து நிற்கும் அந்த அறுபது வயது மனிதர் அங்கியோடு கேற்றடிக்குப் போய், தலையைக் குனிந்து கொடுப்பார். அந்த மனிசி அவர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவா. வேறு பேச்சு இல்லை.

"அவவுக்கும் உம்மடை கண்தான், தம்பி. வெயிலுக்குத் தேன் மாதிரி மினுங்கும்."

உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். அவர் நீங்கள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டார் என்றும் மிஸியம்மாவே சொன்னா. பிறகு மிச்சம் இருந்த கண்ணையும் பெயரையும் வைத்து ஆளாளுக்கு எஞ்சினியரையும் கப்டனையும் உண்டாக்கிவிட்டீர்கள்.

தேத்தண்ணீர் வந்தது, ஆறியது. அப்போது மிஸியம்மாவே கேட்டா.

"சரி, என்னத்துக்கு வந்தனீங்கள்? என்னட்டை வாற யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாரும் ஏதாவது கையெழுத்துக்குத்தான் வாறவை. வெட்கப்படாதையுங்கோ. எங்க வைக்கவேணும் எண்டு விரலை வையுங்கோ, வைச்சு விடுறன்."

என் கை ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது. கடதாசியை மேசையில் வைத்து, பேனாவின் மூடியையும் திறந்துவிட்டேன். அவவுக்கு வாசிக்கக் கண் இல்லை. வாசித்துக் காட்டு என்று கேட்கவும் இல்லை. மிச்சம் இருந்தது அவவின் விரலைப் பிடித்து அந்தக் கோட்டில் வைப்பது மட்டும்தான். உங்கள் மிச்சக் காலம், இவரின் நித்திரை, என் வீட்டின் நிம்மதி எல்லாம் அந்த ஒரு கோட்டில் இருந்தது.

நீங்கள் உங்கள் கையைக் கொண்டுவந்து கடதாசிமேல் வைத்தீர்கள்.

"ஒண்டுமில்லை, மிஸியம்மா. உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள்."

நான் உங்களை முறைத்த முறைப்பு, அவவுக்குக் கண் தெரிந்திருந்தால் பயந்திருப்பா. போகமுதல் ஜெபம் பண்ணினா. நீங்கள் கண்ணை மூடி நின்றீர்கள். நான் மூடவில்லை. அந்தக் கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹரோ பிளாற்ஃபோமில் வைத்து வெடித்தேன். சனம் திரும்பிப் பார்த்தது. "அவ தானே வைக்கிறன் எண்டவ! ஆரைக் கொல்லச் சொன்னது? ஒரு கையெழுத்து!"

நீங்கள் பிளாற்ஃபோம் வாங்குப் பலகையில் இருந்தீர்கள். ஸ்கார்ஃபைக் கழற்றி மடியில் வைத்திருந்தீர்கள்.

"பிள்ளை, அந்த மனிசியிட்டை இருந்து பிள்ளையை ஒருக்காப் பறிச்சாச்சு. என்ரை அப்பப்பா இங்க பிறந்தவர் எண்டு நான் கையெழுத்து வாங்கினால், அவ அவரைப் பெறேல்லை எண்டல்லோ எழுதிக் குடுக்கிறன். நானும் இன்னொருக்காப் பறிக்கிறதோ?"

"செத்து மண்ணாப்போன மனிசிக்காக உயிரோட இருக்கிறவர் போறதோ மாமா?"

"நான்தான் அவவுக்கு மிச்சம்" என்றீர்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது என்ன தெரியுமா? அந்தக் கிழவி என் பக்கத்து ஆள். திருநீறு பூசி, நேர்த்தி வைத்து, கோயிலுக்குள் கால் வைக்காமல் நின்றவள் என் வீட்டுப் பெண்களில் ஒருத்தி மாதிரி. அவளுக்காக வாதாடியது காலம் முழுக்க வேதத்தில் இருந்த நீங்கள். அவளை மற என்று கத்தியது நான். அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். கடவுள் ஒருநாள் என்னிடம் கேட்டால் கடவுளுக்கும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மிஸியம்மா.

"பிள்ளை, தம்பி ஏதோ கேட்க வந்து கேளாமல் போயிட்டார். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. என்ன வேணுமெண்டு நீர் சொல்லும். கடதாசியைக் கொண்டு வாரும்."

நீங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தீர்கள். யார் பேசுகிறா என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. இவர் படியில் நின்று, "சொல்லும், சொல்லும்" என்று எனக்குக் கையைக் காட்டினார். தகப்பனை விட்டுக்கொடுக்க முடியாத மகன். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு இரவு இருந்தது. ஹரோவுக்கு ஓடிப்போய் வர நேரம் தாராளம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் உங்களை மீறியிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தீர்கள். எழும்பி, பின்கதவைத் திறந்து, தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள்.

ஜன்னலால் உங்கள் முதுகு தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் வேலி ஓரமாக, பொறுமையாக, கூப்பிட்டால் வருவதற்காக நிற்கிற ஆள் மாதிரி நின்றீர்கள்.

"ஒண்டுமில்லை, மிஸியம்மா" என்றேன். "சும்மா உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள்."

ரெலிபோனை வைத்துவிட்டு, அதே இடத்தில் இருந்து குழறி அழுதேன். இவர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. சிவநேசன் திங்கட்கிழமை வெறும் கையைப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று ஃபைலை மூடினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நடந்தது எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். மேன்முறையீடும் தோற்றுப்போனது. வந்து பிடித்துக்கொண்டு போகும்வரை இருக்கமாட்டேன், நானே போகிறேன் என்றீர்கள். இந்திய இராணுவம் வெளியேறியிருந்த சமயம், சண்டை ஓய்ந்த மாதிரி இருந்தது. ரெயினும் ஓடுகிறது என்று மகள் எழுதியிருந்தா. "பார் பிள்ளை, ரெயின் ஓடுது. ஸ்டேசன் மாஸ்டர் போறதுக்கு நல்ல நேரம்" என்றீர்கள். ஹீத்ரோவில் உங்கள் பையை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். கோபத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போகமுதல் என் தலையில் கை வைத்தீர்கள். அப்போதும் நான் பேசவில்லை.

நீங்கள் போன மூன்றாம் மாதம் சண்டை தொடங்கியது. ரெயின் நின்றது. ரெலிபோன் இல்லை. நாலு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் வேறு யாரோ கொழும்பில் போட்டது. ஒன்றில், அந்தக் கோயில் கேற்றடிக்குப் போய்ப் பார்த்தேன், கேற்றும் இல்லை, மதிலும் இல்லை, ஆனால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மகள் பிறந்த செய்திக்கு, கண் என்ன நிறம் என்று மட்டும் கேட்டு எழுதினீர்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து மழையில் பாலத்தைக் கடந்தபோது நீங்களும் நடந்தீர்களாம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் காய்ச்சல். மருந்து இல்லை. இங்கே என்றால் எந்தக் கெமிஸ்டிலும் வாங்கக்கூடிய மருந்து. செய்தி எங்களுக்கு வரும்போது நீங்கள் போய் ஒரு மாதம் கடந்துவிட்டது.

அந்தக் கடதாசியில் மிஸியம்மாவைக் கையெழுத்து வைக்க விட்டிருந்தால் இன்றைக்கு நோர்பரியில் இருந்திருப்பீர்கள். அறுபத்தைந்து தாண்டியிருக்கும். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, உப்புக் கஞ்சி குடித்துக்கொண்டு என்னோடு சண்டை பிடித்திருப்பீர்கள். எனக்கு அதுதான் வேண்டும். பெரிய மனிதராகச் செத்த மாமா எனக்கு வேண்டாம். அந்த ரெலிபோனை என் கையில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனீர்களே, அதை என்னால் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

பல் டொக்டர் ஒருவரின் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் என் சட்டையில் குத்திய பெயரைப் பார்ப்பார்கள். மக்கல்லம். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். "ஓ, உங்கள் கணவர் ஸ்கொட்லாந்துக்காரரா?" என்று கேட்பார்கள். ஓம் என்று தலையாட்டி ஒரு சொல் சொன்னால் கதை முடிந்தது. அவர்களுக்கும் சந்தோசம், எனக்கும் வேலை குறைவு. வரிசை நிற்கும், ரெலிபோன் அடிக்கும்.

"இல்லை," என்கிறேன். "அது வேறு ஒரு பிள்ளையின் பெயர். எங்கள் ஆளின் பெயர் கதிர்காமு. அவருக்கு ஒரு தாய் இருந்தா." பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர், பாவம், அதற்கு என்ன சொல்லுவார்?

ஒவ்வொரு முறையும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது, மாமா. ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.